தட்டு மேலே வருவதில்லை

ஒரு மனிதனின் எதிர்காலத்தை ஒரே ஒரு எண்ணாகச் சுருக்கிச் சொல்லும் முறையை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான். இதைத் தற்பெருமை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பெயர் நெஸ்டர் ஹாவ்ரிலுக். ஊர் சஸ்காச்சவான் மாகாணத்தில் கேரோ ரிவர். கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. கல்லூரிப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் என்னுடையது. ஐஸ் ஹாக்கி ஆடும் ஒரு பையனின் வயது, உயரம், அடித்த கோல்கள், உடைந்த எலும்புகள், கிழிந்த தசைநார்கள் எல்லாவற்றையும் என் கணினியில் போட்டால், வருடம் ஒருமுறை அணிகள் முறை வைத்துப் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் பெரிய லீகின் டிராஃப்டில் அவன் பெயரைக் கூப்பிடுவார்களா என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று விடை வரும். அந்த விடைக்கு மிகுந்த அடக்கத்தோடு 'நெஸ்டர் எண்' என்று பெயர் வைத்திருந்தேன்.

நான் வருவதற்கு முன்பு இந்த வேலையை ஸ்கவுட்டுகள் செய்துகொண்டிருந்தார்கள். பெரிய அணிகளுக்கு ஆள் பார்ப்பதற்காகக் குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகக் காரில் அலைகிறவர்கள். பையனின் அம்மா உயரமா என்று பார்ப்பார்கள், மகன் இன்னும் வளர்வானா என்று தெரிந்துகொள்ள. கை குலுக்கும்போது கண்ணைப் பார்க்கிறானா என்று கவனிப்பார்கள். இதெல்லாம் போதாதென்று, அவன் தங்கியிருக்கும் வீட்டுக்கே போய், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறானா என்று விசாரிப்பார்கள்.

இந்தத் தட்டு விஷயத்தைப் பற்றி என் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். "இரண்டு முறை அறுத்துத் தைத்த முட்டியை எச்சில் தட்டை வைத்து மதிப்பிடும் நிபுணர்களுக்கு ஒரு யோசனை. அரங்குக்கு வந்து குளிரில் நடுங்காதீர்கள். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் ஓட்டல்களின் பின்கட்டில் ஈரக் கையோடு நிற்கிறார்கள்" என்று முடித்திருந்தேன். என்னைப் பிடிக்காதவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர்கள் எண்ணிக்கை கணிசமானது.

எங்கள் ஊர் ஜூனியர் அணிக்கு ஆட வரும் வெளியூர்ப் பையன்களை ஊர்க்காரர்கள்தான் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டு வளர்ப்பார்கள். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் மூன்று வருடமாக இருந்தவன் ப்ரெக்கன் ஆஸ்ட்லண்ட். அணியில் யாரையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு என்பதால், ஆஸ்டி.

ஆஸ்டிக்குப் பத்தொன்பது வயது. பதினாறு வயதில், இவனை முதல் சுற்றிலேயே கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேசினார்கள். அப்புறம் வலது முட்டி போயிற்று. அது ஆறியதும் தோள். தோள் ஆறியதும் மறுபடி அதே முட்டி. இரண்டு டிராஃப்டுகள் அவன் பெயரைச் சொல்லாமலே முடிந்தன. வருகிற ஜூனில் நடப்பதுதான் கடைசி. அதற்குமேல் வயது இடம் கொடுக்காது. வாசல் அடைத்த பிறகு சன்னல் வழியாக உள்ளே போனவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் முட்டி இருந்தது.

மார்ச் மாதம் ஒரு நாள் மாலை, அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் மர்ரே கில்லிஸ் வர்றாராம்."

மர்ரே கில்லிஸ் கிழக்கே ஒரு பெரிய அணியின் ஸ்கவுட். ஆஸ்டியை நம்பி இன்னும் எங்கள் ஊருக்குக் காரைத் திருப்புகிற ஒரே ஆள்.

"எதுக்காம்?" என்றார் அப்பா. ஊருக்கு அவர் ஒரெஸ்ட், தானியக் கிடங்கில் மோட்டார்களைப் பழுது பார்ப்பவர். சாப்பாட்டு மேசை மேல் எங்கள் ஃப்ரீசரின் குடலைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வழக்கமா கேக்கறதுதான். நேரத்துக்கு வீட்டுக்கு வர்றானா, மரியாதையா பேசறானா, தட்டைக் கழுவறானா."

"ஹாக்கிக்கு ஆள் எடுக்க வர்றாரா, சம்பந்தம் பேச வர்றாரா?" என்றேன்.

"நீ வாயை மூடு. உன் கட்டுரையை நம்ம பாதிரியார் படிச்சுட்டு, உங்க பையன் தட்டைக் கழுவுவானா டார்லீன்னு கேட்டாரு. எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல."

"என்ன சொன்ன?"

"உண்மையைச் சொன்னேன்."

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அது ஒழுக்கம் அல்ல, ஒருவகை உடல் கோளாறு. ஆஸ்டிக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு கோல்கீப்பர் இருந்தான். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுவான் என்று இதே மேசையில் வைத்து ஒரு ஸ்கவுட்டிடம் சொன்னாள். அவன் இப்போது ரெஜைனாவில் இன்சூரன்ஸ் விற்கிறான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை மட்டும் தவறாமல் வருகிறது.

"ஆஸ்டியைப் பத்தி என்ன சொல்லப்போற?"

"என்ன சொல்ல? தங்கமான பையன். தட்டைக் கழுவாம தூங்கப் போனதில்ல." அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆனா இப்பக் கொஞ்ச நாளா தட்டே மேல வர்றதில்ல. நான் கீழ கொண்டுபோய்க் கொடுக்கறதோட சரி. என்ன ஆச்சுன்னு தெரியல, சோம்பேறியாயிட்டான். கேட்டா அதையும் சொல்லத்தான் வேணும்."

"சொல்லித் தொலை" என்றேன். "அதை வெச்சு அந்த மனுஷன் என்னத்தைக் கிழிக்கப் போறாரு?"

"போய்க் கீழேருந்து ஒரு பை பெரோகி எடுத்துட்டு வா. ஒட்டாததா பார்த்து எடு."

பெரோகி என்பது உருளைக்கிழங்கு மசித்துத் திணித்த கொழுக்கட்டை. சர்ச் பெண்களோடு சேர்ந்து அம்மா நூற்றுக்கணக்கில் செய்து பை பையாக உறைய வைத்திருப்பாள். சில வாரங்களாக அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பாறாங்கல் மாதிரி ஆகிக்கொண்டிருந்தன. உருகி, மறுபடி உறைந்தால்தான் அப்படி ஆகும். அதனால்தான் அப்பா இரண்டு சனிக்கிழமைகளாக ஃப்ரீசரைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு குறையும் அவருக்கு அகப்படவில்லை. அது அவரை இன்னும் ஆத்திரப்படுத்தியது.

நான் கீழே போனபோது ஆஸ்டியின் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முட்டி மேல் ஒரு பை பெரோகி. கட்டிலுக்கு அடியில் தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, காய்ந்த முட்டைக் கறையோடு.

"கதவைச் சாத்து நெஸ்."

சாத்தினேன். அவன் பையை நகர்த்தினான். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முலாம்பழம் இருந்தது.

"எங்கப்பா ரெண்டு வாரமா அந்த ஃப்ரீசரோட மல்லுக்கட்டறாரு" என்றேன்.

"தெரியும்டா. ஒரு ஸ்க்ரூ உருண்டு என் ரூமுக்குள்ள வந்துச்சு. எடுத்த இடத்துல வெச்சுட்டேன்."

"எப்ப ஆச்சு?"

"போன மாசம், பயிற்சியில. யாரும் இடிக்கல. சும்மா திரும்பினேன். உள்ள ஏதோ மடங்கிக்கிச்சு."

"டாக்டர்கிட்ட சொல்லல?"

"சொன்னா அன்னிக்கே உக்கார வெச்சுடுவாங்க. மர்ரே யாரைப் பாக்க வருவாரு? பெஞ்சையா?"

"இதோட எப்படிடா ஆடற?"

"பனியில தள்ளி விட்டா அதுவே வழுக்கிட்டுப் போயிடும். படிக்கட்டு வழுக்காதுல்ல. உக்காந்து, கையை ஊணி, பின்பக்கமா ஏறறேன். டார்லீன்ம்மா குளிக்கப் போற நேரம் பார்த்து. கையில தட்டு இருந்தா முடியாது."

எங்கள் ஊர் ஹாக்கியில் காயத்துக்கு இரண்டே பெயர்கள்தான். மேல் உடம்பு, கீழ் உடம்பு. எந்த இடம் என்று வெளியே தெரிந்தால் எதிரணி அங்கேயே குறிவைத்து அடிக்கும். அதனால் காயத்தை மறைப்பதை இங்கே யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. ஆஸ்டியைப் பற்றி அணி கடைசியாகச் சொன்னது, "கீழ் உடம்பு, பூரண குணம்." அதைத்தான் நான் கணினியில் போட்டிருந்தேன். என் எண் அதை அப்படியே நம்பிவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்த தட்டுகள் நம்பவில்லை. உலகத்திலேயே முட்டாள்தனமான கேள்வி என்று நான் அச்சில் ஏற்றிய கேள்விக்கு அம்மா ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்து பதில் சொன்னால் போதும். மர்ரே அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டாலும் ஆஸ்டி முடிந்தான். சரியாகப் புரிந்துகொண்டாலும் முடிந்தான்.

"உன் நம்பர் என்னடா சொல்லுது?" என்றான்.

"எந்த நம்பர்?"

"நடிக்காத. எனக்கும் ஒண்ணு வெச்சிருப்ப."

"பதினொன்னு."

"நூத்துக்கா?"

"ஆமா."

"இந்த முட்டியையும் சேத்தா?"

"சேக்காம."

பையை மறுபடி முட்டி மேல் இழுத்து வைத்துக்கொண்டான். "பதினொன்னுன்னா சைபர் இல்லல்ல?"

அந்தக் கேள்விக்குப் புள்ளியியலில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொன்னேன்.

"இல்ல."

"சனிக்கிழமை ஒரு மேட்ச். ஞாயித்துக்கிழமை அந்த ஆளு முன்னாடி ஒழுங்கா உக்காந்துட்டாப் போதும். அதுக்கப்புறம் இந்தக் காலை வெட்டி எடுத்துக்கட்டும்டா, நான் கேக்க மாட்டேன். ஊருக்குத் திரும்பிப் போனா டிராக்டர்ல ஏறக்கூட இந்தக் கால் வேணும். ஹாக்கி, வயல் ரெண்டும் இல்லாம நான் எங்க போவேன்?" குரல் உடைந்ததும் பெரோகிப் பையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். "யார்கிட்டயும் சொல்லாத நெஸ். கெஞ்சிக் கேக்கறேன்."

ஒட்டாத பை ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

சனிக்கிழமை அரங்கில் மர்ரே வழக்கமான மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல் மடியில். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீதானே தட்டு பத்தி எழுதின தம்பி?"

"ஆமா."

"என் வீட்டுக்காரி அதை வெட்டி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கா. நான் வீட்ல தட்டைத் தொடறதே இல்லைன்னு."

கீழே ஆஸ்டி இடது பக்கம் மட்டுமே திரும்பிக்கொண்டிருந்தான். வலப்பக்கம் போக வேண்டிய இடங்களில் ஒரு முழு வட்டம் போட்டு வந்தான். பார்க்கிறவர்களுக்கு அது ஸ்டைல் மாதிரி இருந்திருக்கும். நான் மர்ரேயின் கண் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பகுதியில் எங்கள் அணிப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து ஒன்றை அடித்தான். கோல் வாசலில் ஆஸ்டியைச் சுற்றி நாலு பேர் விழுந்து கிடந்தார்கள். பக் என்கிற அந்த ரப்பர் வட்டு உள்ளே போயிற்று. கடைசியாகப் பட்டது ஆஸ்டியின் மட்டையில்தான் என்று நினைத்து, "கோல் அடித்தவர், ப்ரெக்கன் ஆஸ்ட்லண்ட்!" என்று ஒலிபெருக்கி அலறியது. ஊரே எழுந்து நின்றது. நானும் நின்றேன். அந்த ஒரு கோலுக்கு என் கணக்கில் இரண்டு புள்ளி கூடும்.

ஆஸ்டி நேராக நடுவரிடம் போனான். தலையை ஆட்டினான். தன் மட்டையைக் காட்டி, கையை விரித்தான். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறொரு பையன் பெயரைச் சொன்னது. தன் மேல் படாத கோலைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது எங்கள் ஊரில் திருட்டு. முட்டி கிழிந்ததை மறைக்கலாம், அது வீரம். இந்த இரண்டையும் ஒரே மண்டைக்குள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதை என் கணினிக்கு என்னால் விளக்க முடிந்ததில்லை.

"முட்டாள்" என்றேன், சத்தமாகவே.

மர்ரே ஒரு வறுவலை மென்று முடித்தார். "பையன் இன்னும் உங்க வீட்டுக் கீழ்த்தளத்துலதான் இருக்கானா?"

"ஆமா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் சர்ச்சுக்குப் போன கார் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு ஆஸ்டியின் கைக்கு அடியில் தோளைக் கொடுத்து, படி படியாக மேலே ஏற்றி, சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தேன். மர்ரே வந்து போகும்வரை அவன் எழுந்திருக்கக் கூடாது என்பது திட்டம். அப்புறம் தட்டுகளை மேலே கொண்டுவந்தேன். அவற்றை நான் கழுவினேன் என்று சொல்ல மாட்டேன். தடயத்தை அழித்தேன். அம்மாவைப் பொய் சொல்ல வைக்க முடியாது, ஆனால் பொய்யை உண்மை என்று அவளை நம்ப வைக்கலாம். புத்திசாலிகள் செய்கிற வேலை அது.

"உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்றான் ஆஸ்டி.

"நீ பேசாம உக்காரு. யாராவது கேட்டா சிரி."

சர்ச்சிலிருந்து வந்த அம்மா தட்டு அடுக்கைப் பார்த்து அப்படியே நின்றாள். "ஆஸ்டி ராசா! எல்லாத்தையுமா?" என்று அவன் தலையில் முத்தமிட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மர்ரே வந்தார். காபி வந்தது. கையைக் குலுக்கினார், ஆஸ்டி உட்கார்ந்தபடியே கண்ணைப் பார்த்தான். வயல், பனி, ஆஸ்டியின் அம்மாவின் உயரம் எல்லாம் பேசி முடித்தபின் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"அப்புறம் டார்லீன், சாப்பிட்ட தட்டெல்லாம் என்ன பண்றான் உங்க பையன்?"

"ஒளிக்காம சொல்றேன் மர்ரே, நடுவுல கொஞ்ச நாள் எனக்கே வருத்தமாத்தான் இருந்தது. ஆனா இன்னிக்குப் பாருங்க, நாங்க சர்ச்சுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அத்தனையும் கழுவி அடுக்கிட்டான்."

மர்ரே அடுக்கைப் பார்த்தார். பிறகு ஆஸ்டியைப் பார்த்தார். "அப்படியா தம்பி?"

சிரி, என்று கண்ணால் சொன்னேன். சிரித்துத் தொலை.

ஆஸ்டியின் காது சிவந்தது. முந்தின நாள் நடுவரிடம் ஆட்டிய அதே மாதிரி தலையை ஆட்டினான்.

"நான் கழுவல. நெஸ் கழுவினான்."

"நெஸ்டரா?" என்றாள் அம்மா. பெற்றவள் ஒருத்தி அவ்வளவு அவநம்பிக்கையோடு மகன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அவன் எதுக்குக் கழுவினான்?" என்றார் அப்பா.

"என்னால படி ஏற முடியல, டார்லீன்ம்மா. போன மாசத்துலேருந்து." மேசையைப் பார்த்தே சொன்னான். "ஃப்ரீசர் நல்லாத்தான் இருக்கு, ஒரெஸ்ட். மன்னிச்சுக்கங்க."

மர்ரே எழுந்து வந்து, சிரமப்பட்டுக் குனிந்து, அவன் கால்சட்டையை மேலே ஏற்றிப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மர்ரே அதே சிரமத்தோடு மறுபடி இறக்கிவிட்டார்.

"நேத்து அந்த கோல், உன் மேல படவே இல்லையா?"

"இல்ல."

"லேசாக்கூட?"

"இல்ல."

"ம்" என்றார். ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தார். "நாளைக்கே டாக்டரைப் பாரு. இன்னும் ஒரு மேட்ச் ஆடினா உனக்கு நடக்கவே கம்பு வேணும்."

காரைக் கிளப்பப் போனவரின் பின்னாலேயே பனியில் செருப்போடு ஓடினேன்.

"மர்ரே, நீங்க எதையும் பாக்கலைன்னு வெச்சுக்குங்க. கீழ் உடம்புன்னு மட்டும் எழுதுங்க. எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க? இது அவனுக்குக் கடைசி. கடைசின்னா நிஜமாவே கடைசி. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"உன் மெஷின் அவனுக்கு எவ்ளோ போட்டுச்சு தம்பி?"

"பதினொன்னு."

"நான் அதைவிட அதிகமா போட்டிருந்தேன்" என்றார். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

முட்டியை மூன்றாவது தடவையாகத் திறந்து மூடினார்கள். ஜூன் மாதம், டிராஃப்டின் இரண்டாவது நாள் காலையிலேயே நாங்கள் எல்லோரும் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டோம். ஆஸ்டியின் கால் இரும்புப் பட்டைக்குள் நீட்டிக் கிடந்தது. தொலைக்காட்சியில் கோட் போட்ட ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து பெயர் வாசித்தார்கள். சுற்றுக்குச் சுற்று அம்மா கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படுவதற்கு முந்தின அந்த நொடியில் ஆஸ்டி மூச்சு விடுவதை நிறுத்தினான். நானும்தான். மர்ரேயின் அணி கடைசிச் சுற்றில் பின்லாந்துக்காரன் ஒருவனை எடுத்தது.

"அந்தப் பையனை நான் பாத்திருக்கேன்" என்றான் ஆஸ்டி. "நல்லா ஆடுவான்."

கடைசிப் பெயரும் முடிந்து, ஏதோ கார் விளம்பரம் வந்தது. அப்பா தொலைக்காட்சியை அணைத்தார். ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார், மூடினார், மேலே போனார். மறுநாள் ஆஸ்டியின் பெற்றோர் அவனைக் கூட்டிப்போக வருவதாக இருந்தது.

அம்மா பெரோகியை வெங்காயத்தோடு வதக்கி, புளித்த கிரீம் வைத்து ஒரு தட்டில் அனுப்பினாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒட்டிப்போன பையிலிருந்து எடுத்தவை, தோல் பிய்ந்திருந்தன. ஆஸ்டி பாதி சாப்பிட்டான்.

"என் நம்பர் இப்ப எவ்ளோடா?"

"பாக்கல."

"சும்மா சொல்லு."

"நிஜமா பாக்கல ஆஸ்டி."

தலையசைத்தான். "தட்டை அங்க வை. நான் அப்புறமா மேல கொண்டுபோய்க் கழுவறேன்."

"சரி."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். தோள் குலுங்குவது நிற்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படி ஏறினேன்.

சமையலறையில் யாரும் இல்லை. குழாயில் வெந்நீர் வரும்வரை கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கிரீம் ஓரத்தில் காய்ந்து பிடித்திருந்தது, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. அம்மா வாசல்வரை வந்து, என் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தேன்.

கீழே அவனுடைய டம்ளர் ஒன்று பாக்கி இருந்தது. அதை எடுக்கப் போனேன்.